மொட்டை டயரும் குட்டை அச்சும்

கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதுதான் பந்தயம். ஆனால் அமெரிக்கப் பட்டறைகளில் வெற்றி தோல்வி பெரும்பாலும் எஞ்சினில் முடிவாவதில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஓர் அளவு நாடாவில் முடிவாகிறது.

நம் ஊரில் மொட்டை டயரோடு வண்டி ஓட்டினால் போலீஸ்காரர் ஓரம்கட்டச் சொல்வார். அமெரிக்காவின் டிராக் ரேஸ் மைதானங்களில் கதை தலைகீழ். கோடு, பள்ளம் எதுவுமே இல்லாத மழமழ டயரை அங்கே ஆசையோடு தேடி வாங்குகிறார்கள். பந்தயத்துக்கு முன் அதைத் தண்ணீர் தெளித்த இடத்தில் நிறுத்தி, வெறுமனே சுழலவிட்டு, வெள்ளைப் புகை மைதானத்தையே மறைக்கும்வரை தேய்க்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது வாணவேடிக்கை. ஓட்டுநருக்கோ அடுப்பைப் பற்றவைக்கிற வேலை. சூடான ரப்பர்தான் தரையைப் பிடிக்கும்.

டிராக் என்றால் இழுப்பது. ‘இழுவைப் பந்தயம்’ என்று மொழிபெயர்த்தால் வாசகருக்கு ரேக்ளா வண்டிதான் ஞாபகம் வரும். எனவே டிராக் ரேஸ் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு கார்கள் அருகருகே அசையாமல் நிற்கும். நடுவில் ஒரு கம்பத்தில் விளக்குகள். 1963-இல் அறிமுகமான அதற்குக் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர். மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை வந்ததும் புறப்பட வேண்டியதுதான். 1,320 அடி, அதாவது 402 மீட்டர். திருப்பம் கிடையாது. பிரேக் போட வேண்டியது எல்லைக்கோட்டுக்கு அப்பால்தான். நல்ல தெருக் கார் ஒன்று இதை 13 வினாடியில் கடக்கும். பட்டறையில் தயார் செய்த கார் 10 வினாடியில் கடக்கும்.

ஒரே மாதிரியான இரண்டு 1969 கமாரோ கார்களை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஒன்றே, எடை ஒன்றே. பச்சை எரிகிறது. ஒன்று முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. மற்றது நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்று புகைகிறது. அதன் ஓட்டுநர் காலைத் தளர்த்தி, டயர் மறுபடி தரையைப் பிடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடுகிறது. எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. அதன் சக்தி தரையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு சக்தி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் முறுக்கு விசை 500 பவுண்ட்-அடி என்று வையுங்கள். டர்போ 400 என்ற பிரபலமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் கியர் 2.48 மடங்கு. பின் அச்சிலுள்ள பல்சக்கரம் 4.10 மடங்கு. பெருக்கினால் 5,000 பவுண்ட்-அடிக்கு மேல் வருகிறது. டார்க் கன்வர்ட்டர் புறப்படும்போது இதை இன்னும் கூட்டிக் கொடுக்கும். இவ்வளவும் இரண்டு அச்சுத் தண்டுகள் வழியாக இரண்டு ரப்பர்த் துண்டுகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த ரப்பர்த் துண்டு எவ்வளவு பெரியது? புறப்படும் நொடியில் காரின் எடை பின்னோக்கிச் சாய்வதால் ஒரு பின் டயர் மீது 1,200 பவுண்ட் இறங்குகிறது என்று கொள்வோம். சாதாரண டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்ட் காற்று. 1,200-ஐ 32-ஆல் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 37 சதுர அங்குலம். மொட்டை டயரில் 12 பவுண்ட் காற்று மட்டும் வைத்தால் 100 சதுர அங்குலம். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் வித்தியாசம் புரியும். ஒன்று ஏ-4 தாளில் பாதிகூட இல்லை. மற்றது முழுத் தாள்.

உராய்வு பரப்பளவைப் பொறுத்ததல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே என்று கேட்கலாம். மரக்கட்டைக்கு அது சரி. மிருதுவான ரப்பர் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து கவ்விக்கொள்கிறது, ஒட்டவும் செய்கிறது. போதாதற்கு மைதானக்காரர்கள் தரையில் பசைக் கலவை தெளித்து வைக்கிறார்கள். செருப்புப் போட்டு நடந்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும் அளவுக்கு ஒட்டும்.

விமானதளத்தில் பிறந்தது

இந்த விளையாட்டு பிறந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின், கலிஃபோர்னியாவில். போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள், பழைய ஃபோர்டு கார்கள், நீளமான விமான ஓடுதளங்கள். சான்டா அனா விமானதளத்தில் 1950-இல் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை (என்.எச்.ஆர்.ஏ.) நிறுவினார். அதன் முதல் தேசியப் போட்டி 1955-இல் கான்ஸஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில், அதுவும் ஒரு விமான ஓடுதளத்தில்தான் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால ஓடுதளத்தில் நடந்த கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் புதிதாக இருக்காது. விமானம் போன இடத்தில் கார் வந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் தனி டயர் எதுவும் கிடையாது. பழைய டயரின் உடலில் வழவழப்பான புது ரப்பரை ஒட்டி ஓட்டினார்கள். நம் ஊர் ‘ரீ-ட்ரேடிங்’ தான். 1950களில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிஃப்சின் குடும்பம் டிராக் ரேஸுக்கென்றே டயர் செய்தது. எம் அண்ட் எச் என்ற அந்தப் பெயர் இன்றும் பழைய ரசிகர்களின் காதில் இனிக்கும். மிக்கி தாம்ஸன் 1960-இல் பானவில் உப்புப் படுகையில் மணிக்கு 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர். பிறகு அவரும் டயர் தயாரிப்பில் இறங்கினார். அவரும் அவர் மனைவியும் 1988-இல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வழக்கில் தீர்ப்பு வர 2007 ஆயிற்று. டயரில் அவர் பெயர் மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

1960களின் நடுவில் வந்தது பக்கச் சுவர் சுருங்கும் டயர். புறப்படும் நொடியைப் படம்பிடித்தால் வேடிக்கையாக இருக்கும். ரிம் திரும்பிவிடுகிறது, ரப்பர் இன்னும் தரையில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே பக்கச் சுவர் கசக்கிய வேட்டி மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கிறது. அந்த மடிப்புதான் எஞ்சின் கொடுக்கும் அடியை வாங்கி, மெல்ல விடுவிக்கிறது. ரிம் மட்டும் டயருக்குள் வழுக்கித் திரும்பாமலிருக்க ரிம்மின் ஓரத்தில் திருகாணிகள் அடிக்கிறார்கள். வேகம் கூடக் கூட அதே டயர் உயரத்தில் வளர்ந்து, அகலத்தில் மெலிகிறது. ஓர் அங்குலமோ அதற்கு மேலோ வளரும் டயர்கள் உண்டு. இந்த வளர்ச்சியை மறந்துவிட்டு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் இடைவெளி மட்டும் விட்டவர்கள் டயரைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

முதலில் டயர்

இனி பட்டறைக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பலர் செய்யும் தவறு, வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பது. கண்ணைக் கவரும் சக்கரத்தை முதலில் வாங்குகிறார்கள். அதற்கேற்ற டயரைத் தேடுகிறார்கள். இரண்டும் மட்கார்டுக்குள் நுழையாதபோது பின் அச்சை அறுக்கக் கொடுக்கிறார்கள். முறையான வரிசை வேறு. முதலில் டயர், பிறகு சக்கரம், கடைசியில் அச்சு.

டயரின் அகலத்தைத் தீர்மானிப்பது காரின் எடையும் சக்தியும். உயரத்தைத் தீர்மானிப்பது கியர் கணக்கு. மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பதைப் பல்சக்கர விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்று தெரியும். எல்லைக்கோட்டில் 120 மைல் வேகம், விகிதம் 4.10, 28 அங்குல டயர் என்றால் 5,904 சுற்று. அதே காரில் 30 அங்குல டயர் போட்டால் சுமார் 5,510 ஆகக் குறைகிறது. எஞ்சினின் முழுச் சக்தி 6,500 சுற்றில்தான் வருகிறது என்றால் உயரமான டயர் அந்தச் சக்தியைத் தொடவிடாமல் செய்துவிடும். இதைக் கவனிக்காமல் பெரிய டயர் மாட்டியவர்கள் ‘கார் மந்தமாகிவிட்டது’ என்று கியர்பாக்ஸைக் குறை சொல்வார்கள்.

ரகங்களும் உண்டு. முழு மொட்டை டயர் மைதானத்துக்கு மட்டும். சாலையில் ஓட்ட அனுமதியுள்ள டிராக் ரேடியல் டயரில் ஒப்புக்கு இரண்டு கோடுகள் இருக்கும். வெயிலில் அது தரையை நன்றாகவே பிடிக்கும். பந்தயம் முடிந்து வீடு திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டால் நிலைமை வேறு. தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாததால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். 10 வினாடிக் காரை நெடுஞ்சாலையில் 40 மைல் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் சிரிக்கக் கூடாது. அவர் புத்திசாலி.

அகலம் ஒன்றே எல்லாம் என்ற நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. ‘எக்ஸ்275’ என்று ஒரு போட்டிப் பிரிவு இருக்கிறது. அதில் 275 மில்லிமீட்டர் என்று குறிக்கப்பட்ட ரேடியல் டயருக்கு மேல் போடக் கூடாது. அந்த மெல்லிய டயரிலேயே எட்டில் ஒரு மைலை ஐந்து வினாடிக்குள் கடக்கிறார்கள். ஷாக் அப்சார்பரும், எடைப் பகிர்வும், எஞ்சினின் சக்தியை நொடி நொடியாக அளந்து விடும் மின்னணுக் கருவியும் செய்யும் வேலை அது.

முன் டயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது மெல்லியதாக, இலேசாக இருந்தால் போதும். ஆனால் அதன் உயரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது முன் டயர் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான். உயரமான டயர் விலகக் கொஞ்சம் கூடுதல் தூரம் உருள வேண்டும். கடிகாரம் தொடங்குவதற்குள் கார் சற்று வேகம் பிடித்திருக்கும். தாளில் வரும் நேரம் குறையும்.

அங்குலத்தின் அரசியல்

அடுத்தது சக்கரம். இங்கேதான் ‘பேக்ஸ்பேஸிங்’ என்ற சொல் வந்து மிரட்டுகிறது. தமிழில் ‘பின்புற ஆழம்’ என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, விஷயம் அதுதான். சக்கரத்தை முகம் கவிழ்த்துத் தரையில் வையுங்கள். மேலே தெரியும் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வையுங்கள். கட்டையிலிருந்து போல்ட் மாட்டும் தட்டு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்தால் அதுதான் பேக்ஸ்பேஸிங். 10 அங்குலச் சக்கரம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். இரு பக்க விளிம்பையும் சேர்த்தால் சுமார் 11 அங்குலம். எனவே பேக்ஸ்பேஸிங் 5.5 என்றால் தட்டு நட்டநடுவில் இருக்கிறது என்று பொருள்.

ஓர் உதாரணம். இரண்டு பின் மட்கார்டுகளின் உதடுகளுக்கும் இடையே 70 அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் ஒரு டயரின் வெளிப்புறத்திலிருந்து மற்றதன் வெளிப்புறம்வரை 68. டயரின் வயிறு 12 அங்குலம், சக்கரம் 11. டயர் பக்கத்துக்கு அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். ஆக, சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கிடையே 67. இரு பக்கமும் தட்டிலிருந்து வெளி விளிம்புவரை 5.5 அங்குலம். 67-இல் 11 போனால் 56. இதுதான் சக்கரம் உட்காரும் முகங்களுக்கிடையே வேண்டிய தூரம்.

இப்போது அதே அகலத்தில், பேக்ஸ்பேஸிங் 4.5 உள்ள சக்கரத்தை வாங்கியிருந்தால்? வெளிப்பக்கம் 6.5 ஆகிறது. 67-இல் 13 போனால் 54. ஓர் அங்குல மாற்றம் அச்சில் இரண்டு அங்குலத்தைத் தின்றுவிட்டது. கவனிக்க வேண்டிய விஷயம், டயர் நிற்கும் இடம் மாறவே இல்லை. அதைக் காரின் உடல் தீர்மானித்துவிட்டது. சக்கரம் தீர்மானிப்பது அச்சின் நீளத்தை மட்டும்தான். வெளியே ஆழமான கிண்ணம் மாதிரி தெரியும் சக்கரம் 1980களில் பெரிய மோகமாக இருந்தது. அந்தக் கிண்ணத்துக்காகவே அச்சைத் தேவைக்கு மேல் அறுத்தார்கள். விளைவு, டயரின் நடுக்கோடு பேரிங்கை விட்டு வெளியே தள்ளிப்போய், பேரிங்கும் போல்ட்களும் கூடுதல் சுமையை வாங்கின. அழகுக்குக் கொடுத்த விலை என்று சொல்லலாம். என் கணிப்பில் கொஞ்சம் அதிக விலைதான்.

இதில் இன்னொரு பொறி. 56 என்பது சக்கரம் உட்காரும் முகங்களின் அளவு. அங்கே பிரேக் டிரம்மின் கனமும் சேர்ந்திருக்கிறது. அச்சுத் தண்டின் தட்டுகளுக்கிடையே அளந்தால் அதைவிடச் சற்றுக் குறைவு. தண்டை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் முனைகளுக்கிடையே அளந்தால் பல ஃபோர்டு அச்சுகளில் பக்கத்துக்குச் சுமார் 2.5 அங்குலம் இன்னும் குறைவு. மூன்று அளவுகள், மூன்று பெயர்கள். ஆர்டர் கொடுக்கும்போது எந்த அளவைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் 5 அங்குலம் தவறான அச்சு வீடு வந்து சேரும். வெட்டிய இரும்பை யாரும் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை.

அறுப்பது எப்படி

அதிகம் அறுபடுவது ஃபோர்டு 9 அங்குல அச்சுதான். 9 அங்குலம் என்பது உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம். 1957 மாடல்களில் வந்து 1986வரை ஃபோர்டு வண்டிகளில் இருந்தது. பிறகும் அதன் உதிரி பாகங்களைப் பல கம்பெனிகள் புதிதாகவே செய்கின்றன. பல்சக்கரத் தொகுதியை முன்புறமாக மொத்தமாகக் கழற்றி, வேறு விகிதத்தில் ஒன்றை மாட்டிவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. பினியன் மிகத் தாழ்வாக அமைந்திருப்பதால் உராய்வில் கொஞ்சம் சக்தியைக் குடிக்கும். ஆனால் சுலபத்தில் உடையாது. செவர்லே கார்க்காரர்களே தங்கள் காரில் ஃபோர்டு அச்சை மாட்டிக்கொள்வது இந்த உலகின் பகிரங்க ரகசியம்.

குழாயின் இரு முனைகளையும் அறுத்துவிட்டு, நடுவே நேரான ஒரு கனத்த இரும்புத் தண்டைச் செருகுகிறார்கள். பேரிங் உட்காரும் இடங்களில் வட்டத் தகடுகள் அதை மையத்தில் பிடித்திருக்கும். அந்த நேர்க்கோட்டில் புதிய முனைகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்கிறார்கள். ஒரே மூச்சில் செய்தால் சூட்டில் குழாய் வளையும். வளைந்த குழாயில் தண்டு ஓடத்தான் செய்யும், ஆனால் பேரிங் சீக்கிரமே கதறும்.

பழைய தண்டைக் குட்டையாக்கி மறுபடி பல் வெட்டிக்கொள்ளலாமே என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். பல பழைய தண்டுகள் நடுவே மெலிந்தவை. வெட்டிய இடத்தில் பல் வெட்டத் தேவையான பருமனே இருக்காது. தவிர அவற்றின் மேற்பரப்பு மட்டும்தான் கடினமாக்கப்பட்டது. அதனால் கார் வேகமாக ஓடப்போகிறது என்றால் புதிய தண்டு வாங்குவதே மேல். தொழிற்சாலைத் தண்டில் 28 அல்லது 31 பற்கள். பந்தயத் தண்டில் 35, பெரிய சக்திக்கு 40. இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே நீளம் என்றும் நினைக்கக் கூடாது. பினியன் நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.

உயிரோடு விளையாடும் விஷயம் இனிமேல்தான். மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. ஜெனரல் மோட்டார்ஸின் பல பழைய அச்சுகளில் அந்தக் கடையாணியின் வேலையைச் செய்வது ‘சி’ வடிவச் சிறு வளையம். அது இருப்பது தண்டின் உள்முனையில், காரின் நடுவே. தண்டு இடையில் முறிந்தால் வளையம் தன் துண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். வெளித் துண்டு சக்கரத்தோடு சேர்ந்து வெளியே நழுவிவிடும். ஃபோர்டு 9 அங்குலத்தில் தண்டைப் பிடித்திருப்பது வெளிமுனையில் பேரிங்குக்குப் பக்கத்திலுள்ள தகடு. உள்ளே முறிந்தாலும் சக்கரம் காரிலேயே நிற்கும். 10.99 வினாடி அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் ஓடும் காரில் பந்தயத் தண்டும், அது நழுவாமல் காக்கும் அமைப்பும் கட்டாயம் என்று என்.எச்.ஆர்.ஏ. விதித்திருப்பது இதற்காகத்தான். சக்கர போல்டின் புரி, நட்டுக்குள் குறைந்தது போல்டின் விட்டமளவு பதிந்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கனமான பந்தயச் சக்கரத்தைத் தொழிற்சாலை போல்டிலேயே மாட்டுகிறவர்கள் சோதனையில் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் டயர் கருணை காட்டுவதில்லை. 2004 ஜூன் 27 அன்று செயின்ட் லூயிஸ் அருகே டாப் ஃப்யூயல் பிரிவில் ஓட்டிய டேரல் ரஸ்ஸல் 300 மைலுக்கு அருகிய வேகத்தில் பின் டயர் சிதறி உயிரிழந்தார். 2007 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் சோதனை ஓட்டத்தின்போது எரிக் மெட்லனின் காரில் டயர் பழுதடைந்து, தாங்க முடியாத அதிர்வு எழுந்தது. தலையில் காயமடைந்த அவர் நான்கு நாளில் இறந்தார். வயது 33. அதன் பிறகு ஓட்டுநரின் தலையைச் சுற்றியுள்ள கூண்டின் வடிவமைப்பே மாற்றப்பட்டது. 2008-இல் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்ததையடுத்து, மிக வேகமான இரு பிரிவுகளுக்கு மட்டும் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

அறுத்தால் போனது போனதுதான்

அச்சைக் குட்டையாக்குவது தனி வேலையல்ல. அகல டயர் உள்ளே வர இடம் வேண்டும். சக்கரக் கூண்டின் உள்சுவரைப் பெட்டியாக வெட்டி உள்ளே தள்ள வேண்டும். வில் பட்டைகளைச் சட்டத்துக்கு அடியில் நகர்த்த வேண்டும். இன்னும் பெரிய டயர் என்றால் பின்பாதிச் சட்டத்தையே அறுத்தெறிந்து புதிதாகக் கட்டுகிறார்கள். பின் இருக்கை போகும். டிக்கியில் பாதி போகும். காரின் பழம்பொருள் மதிப்பும் போகும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் 1969 கமாரோவைத் தேடிச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். அறுத்த காரை அதே விலைக்குக் கேட்க ஆளில்லை.

இதில் வருத்தப்பட வேண்டியது, பலருக்கு அறுக்கும் அவசியமே இருப்பதில்லை. சரியான பேக்ஸ்பேஸிங் உள்ள சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தாலே பல பழைய கார்களில் 28 அங்குல உயரமுள்ள 275 டயர் மட்கார்டுக்குள் அடங்கிவிடும். அதில் 11 வினாடி, சாமர்த்தியம் இருந்தால் 10 வினாடி ஓடலாம்.

படித்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசடரைப் பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது.

அமெரிக்காவில் அந்தத் தடை இவ்வளவு இறுக்கமாக இல்லை. அதனால் அங்கே அளவு நாடாவோடு படுத்திருப்பவர்கள் ஏராளம். காரைத் தூக்கி வைத்து அளக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில், ஓட்டுநரின் எடையும் பெட்ரோலும் உள்ளே இருக்க வேண்டும். பந்தயத்தில் வைக்கும் அதே காற்றளவில் டயர் ரிம்மில் மாட்டியிருக்க வேண்டும். இடது பக்கம் ஒரு எண் வருகிறது. வலது பக்கம் கால் அங்குலம் குறைவாக வருகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் தொழிற்சாலையில் அவசரமாக இணைக்கப்பட்ட கார்களில் இது சகஜம். குறைந்த எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் காருக்கு அடியில் நுழைகிறார்கள்.